தைப்பூசத் திருநாளில் வரலாறு கண்ட நிகழ்ச்சிகள்

கதிரவன் மகர ராசியில் உலவும் தைத் திங்களில், அதற்கு நேர் எதிரே கடக ராசியில் நிறைமதி பூச நட்சத்திரத்தோடு கூடி நிற்கும் நன்னாளே தைப்பூசம். சூரபத்மனை வெல்லும்பொருட்டு அன்னை பராசக்தி இளங்குமரனின் திருக்கரத்தில் ஞானவேலை வழங்கியது இந்நாளிலேதான் என்பது நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. வேலின் பெருமையையும் காவடியின் தத்துவத்தையும் பற்றி ஆன்றோர் பலர் ஆண்டுதோறும் எழுதி வருகின்றனர். இவ்விடத்தில் நாம் பார்க்க முற்படுவது வேறொன்று. இந்த ஒரே நாளில், காலந்தோறும், நம் இனத்தின் வரலாற்றில் என்னென்ன நடந்தன என்பதே அது.

இதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. சுதந்திர தினம் என்றால் ஆகஸ்டு 31 என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். தைப்பூசத்திற்கு அப்படி ஓர் ஆங்கிலத் தேதி கிடையாது. 2018-இல் ஜனவரி 31, 2019-இல் ஜனவரி 21, 2020-இல் பிப்ரவரி 8 என்று அது ஆண்டுக்கொரு தேதியில் வந்து நிற்கும். பன்னிரண்டு முழுநிலவுகள் கழிய ஏறத்தாழ 354 நாள்களே ஆகின்றன. ஆகவே பூசம் ஆண்டுதோறும் பதினொரு நாள் அளவுக்கு முன்னே நகர்கிறது. நகர்ந்து நகர்ந்து தை மாதத்தின் எல்லையைத் தாண்டப் பார்க்கும்போது, அடுத்த முழுநிலவுக்குத் தாவிவிடுகிறது. பத்தொன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரவன் கணக்கும் திங்கள் கணக்கும் மீண்டும் கைகோத்துக்கொள்ளும். 2007-இல் பிப்ரவரி 1 அன்று வந்த தைப்பூசம் 2026-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கத்திலும் பிப்ரவரி 1 அன்றே வருகிறது. இந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இது தேவைப்படும்.

தைப்பூசத்தின் தொன்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தப் பெருமான், அரவு தீண்டி மாண்ட பூம்பாவையை உயிர்ப்பித்தபோது, மயிலாப்பூரில் நடக்கும் விழாக்களை எல்லாம் வரிசையாகச் சொல்லி, அவற்றைக் காணாமல் போகலாமா என்று கேட்டருளினார். அந்த விழா வரிசையில் தைப்பூசமும் ஒன்று. திருவிடைமருதூர்க் கல்வெட்டு, சோழர் காலத்தில் தைப்பூச விழாவில் கூத்து நிகழ்த்துவோருக்கு மானியம் விட்ட செய்தியைத் தருகிறது. மதுரையில் 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் பூசத்தில் பிறந்தவர் என்பர். அவர் வெட்டுவித்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியம்மையும் சொக்கநாதரும் இன்றும் தை முழுநிலவு நாளில்தான் தெப்பத்தில் உலா வருகின்றனர். இவற்றுள் எதிலும் காவடி முதன்மையாக இல்லை என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சிவாலயங்களின் பெருவிழாவாக இருந்த நாள், காலப்போக்கில் முருகனுக்கே உரிய நாளாக நம் உள்ளத்தில் நிலைத்துவிட்டது.

சிதம்பரத்தில் வியாக்கிரபாத முனிவரும் பதஞ்சலி முனிவரும் கூத்தப்பெருமானின் ஆனந்தத் தாண்டவத்தைக் கண்டு களித்தது, தைப்பூசமும் வியாழக்கிழமையும் கூடிய நாளில் என்று தல புராணம் கூறும். பூசத்திற்கு அதிதேவதை தேவகுருவாகிய பிருகஸ்பதி. எனவே குருவாரத்தோடு கூடிய பூசத்திற்குத் தனிச் சிறப்பு. இந்தக் கருத்து வடலூர் வள்ளற்பெருமானின் உள்ளத்தில் இருந்திருக்க வேண்டும் என்பது நம் துணிபு. ஏனெனில், வடலூரில் தாம் எழுப்பிய சத்திய ஞான சபையில் முதல் வழிபாட்டைத் தொடங்க அவர் தேர்ந்துகொண்ட நாள், 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25, தைப்பூசம், வியாழக்கிழமை.

அந்த நாளில் நடந்தது சாதாரணச் செய்தியன்று. எட்டுக் கோணமுள்ள அச்சபையில் உருவத் திருமேனி இல்லை. ஏழு திரைகள் விலக, கண்ணாடிக்குப் பின்னே சோதி ஒன்றே தெரியும். சாதியாலும் சமயத்தாலும் பிரிந்து கிடந்த மக்கள் ஒரே ஒளியின் முன் நிற்கவேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1867 மே 23-இல், பசித்தவருக்கு உணவிடும் தருமச்சாலையை அவர் தொடங்கிவிட்டார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். முதலில் அடுப்பு, பிறகுதான் விளக்கு. அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை இரவு, புனர்பூசம் கழிந்து பூசம் கூடும் வேளையில், மேட்டுக்குப்பத்துச் சித்திவளாகத் திருமாளிகையின் அறைக்குள் வள்ளலார் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். அறையைத் திறக்கவேண்டாம் என்று அன்பர்களிடம் முன்னரே கூறியிருந்தார். அதன்பின் அவரை எவரும் கண்டதில்லை. 1906-இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரே, அவர் அறைக்குள் சென்றதையும் பிறகு காணப்படாததையும் எழுதிவைத்திருக்கிறார். ஐம்பது வயதில் மறைந்த அம்மகானுக்குத் தைப்பூசமே தொடக்கமும் நிறைவுமாயிற்று.

பஞ்சாங்கக் கணக்கில் நாட்டமுள்ளவர்களுக்காக ஒரு செய்தி. 1872-இல் இருந்து 152 ஆண்டுகளைக் கூட்டினால் 2024 வரும். பத்தொன்பதை எட்டால் பெருக்கிய தொகை அது. 2024-இலும் தைப்பூசம் ஜனவரி 25-ஆம் நாளே வந்தது, அதுவும் வியாழக்கிழமையே. ஞான சபையின் முதல் பூசத்தோடு தேதியும் கிழமையும் ஒருங்கே பொருந்திய அந்த நாள், நம்மில் பலருக்குத் தெரியாமலே கடந்து போயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

சிங்கப்பூரில் பிறந்து கோலாலம்பூரில் செல்வாக்குடன் வாழ்ந்த காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை அவர்கள் பெயரை அறியாதார் இலர். 1873-இல் தோன்றிய ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தோடும், 1893-இல் தொடங்கிய விக்டோரியா கல்விக்கூடத்தோடும் தொடர்புடைய பெருமகன் அவர். பத்துமலைக் குகையை வெளியுலகம் அறிந்தது 1878-இல், வில்லியம் ஹார்னடே என்ற அமெரிக்க இயற்கையியலார் அதைப் பற்றி எழுதியபோதுதான். காட்டில் வாழ்ந்த பழங்குடி மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே அக்குகைகளை அறிந்திருந்தனர். பத்துமலையில் வேல் வைத்து வழிபாடு தொடங்கியது 1891-இல். முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டது 1892-இல். மேலே செல்ல மரப்படிகள் அமைந்தது 1920-இல்தான். அதற்கு முந்திய இருபத்தெட்டு ஆண்டுகள், காவடி சுமந்தோர் படியில்லாத சுண்ணாம்புப் பாறையில் ஏறியிருக்கிறார்கள். இன்று 272 படிகளில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கும் நாம், வெறுங்காலோடு பாறையைப் பற்றி ஏறிய அந்தத் தோட்டப் பாட்டாளிகளைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

பினாங்கில் நகரத்தார் பெருமக்களின் வெள்ளி இரதம் 1894 முதல் ஓடுகிறது. அது தனிக் கட்டுரைக்குரியது. நம் கவனம் இப்போது கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே நிற்கட்டும்.

ஷா ஆலம் என்ற நகரம் எப்படிப் பிறந்தது என்பதை இளைய தலைமுறையினர் அறிவது நன்று. நீலக் கூம்பு மாடமும் ஏரிப்பூங்காவும் அகன்ற சாலைகளும் உள்ள இந்நகரம், ஒருகாலத்தில் சுங்கை ரெங்கம் தோட்டம். பால்மரமும் செம்பனையும் நின்ற நிலம். லயன் வீடுகளும், அவற்றின் தலைமாட்டில் ஒரு மாரியம்மன் கோயிலும் இருந்த இடம். அந்தத் தோட்டம் மாநிலத் தலைநகராக மாறியதற்கு ஓர் அரசியல் நிகழ்ச்சியே காரணம். 1974 பிப்ரவரி 1 அன்று, சிலாங்கூரின் தலைநகராக இருந்த கோலாலம்பூர், கூட்டரசுப் பிரதேசமாக மத்திய அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. சிலாங்கூர் மாமன்னர் சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் ஷா கண்கலங்கக் கொடுத்த நகரம் அது. கூட்டரசு நெடுஞ்சாலையில் இரு நிலங்களும் பிரியும் இடத்தில் எழும்பி நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு, அந்தப் பிரிவின் நினைவுச் சின்னமே. தலைநகரை இழந்த மாநிலம் புதிய தலைநகரைத் தேடியது; 1978 டிசம்பரில் ஷா ஆலம் அப்பெருமையைப் பெற்றது.

இதற்கும் தைப்பூசத்திற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. 1974-ஆம் ஆண்டுத் தைப்பூசம், அந்த ஒப்படைப்பு நடந்த ஒரு வாரத்திற்குள் வந்தது. அதற்கு முந்திய ஆண்டு வரை, துன் எச்.எஸ்.லீ சாலையின் மகாமாரியம்மன் ஆலயத்தில் இருந்து இரதம் புறப்பட்டதும் சிலாங்கூர் மண்ணில். சென்று சேர்ந்ததும் சிலாங்கூர் மண்ணில். 1974 முதல் வள்ளி தெய்வானை சமேதராக முருகப்பெருமான் கூட்டரசுப் பிரதேசத்தில் புறப்பட்டு, எல்லை கடந்து, சிலாங்கூரின் கோம்பாக் மாவட்டத்துப் பத்துமலைக்கு எழுந்தருளுகிறார். இரதத்தின் முன்னே தேங்காய் உடைப்போருக்கு அந்த எல்லைக்கோடு கண்ணில் படுவதில்லை. ஆனால் விடுமுறைப் பட்டியலில் அக்கோடு அழுத்தமாகவே விழுந்திருந்தது.

நம் நாட்டில் தைப்பூசம் மாநில விடுமுறை. பினாங்கு, பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகிய மாநிலங்களில் அது பொது விடுமுறையாக இருந்த காலத்தில், கோலாலம்பூரில் விடுமுறை இல்லை. விழா சென்றடையும் ஊருக்கு விடுமுறை உண்டு. விழா புறப்படும் ஊருக்கு இல்லை. இந்த விந்தையை அதிகம் உணர்ந்தவர்கள் ஷா ஆலம், கிள்ளான், பெட்டாலிங் ஜெயா வாழ் மக்களே. வீடு சிலாங்கூரில், வேலை கோலாலம்பூரில் என்று இருந்தவர்கள் அவர்கள். பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை. தந்தைக்கு அலுவலகம் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகம் ஒன்றில் இக்கட்டுரையாளர் பணிபுரிந்த நாளில், தைப்பூச விடுப்புக்கான விண்ணப்பத் தாளை நவம்பரிலேயே நிரப்பிக் கொடுத்துவிடுவார்கள் நம்மவர்கள். பிந்திக் கொடுத்தால், ஏற்கெனவே நான்கு பேர் கேட்டுவிட்டார்கள் என்று தாள் திரும்பி வரும். மொட்டையடித்த தலையோடு, சந்தனம் காயாமல், நண்பகலில் வேலைக்குத் திரும்பியவர்களும் உண்டு. அவர்களுக்கு நேர்த்திக்கடன் பெரிதா, நாள் சம்பளம் பெரிதா என்று யாரும் கேட்டதில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் ஓடினார்கள்.

2007-இல் தைப்பூசம் பிப்ரவரி 1 அன்று வந்தது. முன்னர் நினைவில் வைக்கச் சொன்ன தேதி இதுவே. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம் ஆகையால், கோலாலம்பூரில் அன்று பொது விடுமுறை. நகரம் சிலாங்கூரை விட்டுப் பிரிந்த நாளின் நினைவாக அளிக்கப்பட்ட விடுமுறை, கோலாலம்பூர்த் தொழிலாளிக்குத் தைப்பூச விடுமுறையாக வாய்த்தது. நாள்காட்டியின் கருணை என்றே அதைச் சொல்லவேண்டும்.

அந்த 2007-ஆம் ஆண்டு அமைதியாக முடியவில்லை. அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்கு ஒன்பது நாள்களே இருந்தபோது, ஷா ஆலம் பாடாங் ஜாவா வட்டாரத்தில் கம்போங் ரிம்பா ஜெயாவின் மகாமாரியம்மன் ஆலயம் இடிக்கப்பட்டது. தோட்டங்கள் நகரங்களாக மாறியபோது, லயன் வீடுகளை விட்டு மக்கள் வெளியேறினர். அவர்கள் வழிபட்ட தெய்வங்களுக்கு நிலப்பட்டா இருக்கவில்லை. எங்கெங்கும் இருந்த இந்தச் சிக்கல், நம் நகரின் வாசலில் அன்று புழுதியாக எழுந்தது. அவ்வாண்டுத் தீபாவளியைப் பல இல்லங்கள் விளக்கு மட்டும் ஏற்றி முடித்துக்கொண்டன. நவம்பர் 25 விடியற்காலையில் பத்துமலை ஆலய வளாகத்தில் திரண்டிருந்த கூட்டத்தின்மீது தண்ணீர் பாய்ச்சப்பட்டதும், கண்ணீர்ப்புகை வீசப்பட்டதும், அதே நாள் கோலாலம்பூரில் ஹிண்ட்ராஃப் பேரணி நடந்ததும் நாடறிந்தவை.

2008 ஜனவரியில், தைப்பூசத்திற்குச் சில நாள்களே இருந்த வேளையில், அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி அவர்கள், கோலாலம்பூருக்கும் புத்ராஜெயாவுக்கும் தைப்பூசம் பொது விடுமுறை என்று அறிவித்தார். அவ்வாண்டுத் தைப்பூசம் ஜனவரி 23, புதன்கிழமை. தலைநகர்த் தமிழர்கள் நெடுநாள் கேட்டது கிடைத்தது. ஆயினும் அன்று பத்துமலைப் படிகளில் வழக்கமான நெரிசல் இல்லை. முந்திய நவம்பரின் கசப்பு பலரை வீட்டிலேயே நிறுத்திவிட்டது. விடுமுறை இல்லாதபோது அலுவலகத்தை விட்டு ஓடிவந்தவர்களில் சிலர், விடுமுறை வந்த ஆண்டில் வரவில்லை. இதை எப்படிப் புரிந்துகொள்வது என்று அன்று பலரும் விவாதித்தனர். கேட்டது கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. தேர்தல் நெருங்கிய நேரத்தில் கொடுத்ததை எப்படி வாங்குவது என்று முகம் திருப்பியவர்களும் உண்டு. நம் கருத்தைக் கேட்டால், விடுமுறை யார் கையிலிருந்து வந்தாலும் அது நேர்த்திக்கடன் சுமந்து, சம்பளம் இழந்து, தலைமுறைகளாக நடந்தவர்கள் ஈட்டிய நாள்.

எல்லையின் தெற்கே கதை வேறு. சிங்கப்பூரில் தைப்பூசம் பொது விடுமுறையாக இருந்து, 1968-இல் பட்டியல் திருத்தப்பட்டபோது நீக்கப்பட்டது. அங்கே இன்றும் விடுப்பெடுத்துத்தான் காவடி சுமக்கிறார்கள். ஊர்வலத்தில் நேரடி இசைக்கு நெடுங்காலம் இருந்த தடை 2016-இல்தான் தளர்ந்து, சில இடங்களில் வாத்தியம் ஒலிக்க வழி ஏற்பட்டது.

தமிழகத்து நிலையோ இன்னும் வியப்பானது. பழனியும் வடலூரும் உள்ள மண்ணில் தைப்பூசம் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது 2021-இல்தான். கடல் கடந்து வந்து, பிறர் நிலத்தில் பால் வெட்டிய மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு வாய்த்தது, தாயகத்திற்கு அவ்வளவு பின்னர் வாய்த்தது. ஆனால் அதே 2021-ஆம் ஆண்டை நாம் இங்கே எப்படிக் கழித்தோம் என்பதை எண்ணினால் நெஞ்சம் கனக்கிறது. கோவிட் பெருந்தொற்றின் காரணமாக ஜனவரி 13 முதல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நடமாட்டக் கட்டுப்பாடு. ஜனவரி 28, தைப்பூசம். வெள்ளி இரதம் மட்டும், பக்தர் கூட்டம் பின்தொடராமல், பத்துமலைக்குச் சென்றது. 272 படிகளில் காவடி இல்லை. ஆற்றங்கரையில் முடிக்காணிக்கை இல்லை. ஷா ஆலத்தில் அடுக்குமாடி வீடுகளின் நடைக்கூடங்களில், சிறு சொம்பில் பால் நிரப்பி, வேப்பிலை கட்டி, வாசலில் இருந்து பூசையறை வரை பத்தடி நடந்து நேர்த்திக்கடனை முடித்த மூதாட்டிகள் உண்டு. அவ்வாண்டு கெடாவில், அம்மாநில அரசு வழக்கமாக அளித்துவந்த சிறப்பு விடுப்பையும் நிறுத்தியது; அடுத்த ஆண்டு அது மீண்டும் வழங்கப்பட்டது. தமிழகம் விடுமுறை பெற்ற ஆண்டே இங்கே விழா அடங்கிய ஆண்டாக அமைந்ததைக் காலத்தின் விளையாட்டு என்பதா!

இடையில் ஒன்று விடுபட்டது. 2018 ஜனவரி 31, தைப்பூசத்தன்று முழுச் சந்திர கிரகணம். நிறைமதி நாளில்தான் சந்திர கிரகணம் நிகழும் என்பது அறிந்ததே. ஆயினும் தைப்பூச நிலவே நம் கண்முன் முழுதும் மறைவது அரிது. அன்று மாலை எட்டு மணிக்கு முன்னரே நிலவின் விளிம்பு கறுக்கத் தொடங்கி, ஒன்பது மணி அளவில் முழுவதும் செம்பு நிறமாயிற்று. கிரகண வேளையில் நடை சாத்தும் மரபுள்ள கோயில்களில் பூசை நேரத்தை மாற்றியமைத்தனர். காவடி முடித்துத் திரும்பிய மக்கள் நெடுஞ்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தி, சிவந்த நிலவை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தனர்.

1892-இல் தோட்டத்து மக்கள் பத்துமலைக்கு வந்தபோது மாட்டுவண்டியும் கால்நடையுமே துணை. ஷா ஆலத்தில் இருந்து இன்று செல்வோருக்கு பத்து தீகா, ஷா ஆலம், பாடாங் ஜாவா என மூன்று ரயில் நிலையங்கள் அருகில் உள்ளன. பத்துமலைக்கு மின்ரயில் சேவை 2010 முதல் உண்டு. ஆயினும் முதல் நாள் இரவே மகாமாரியம்மன் ஆலயத்திற்குச் சென்று, இரதத்தோடு நடந்தே பத்துமலை சேரும் குடும்பங்கள் நம் நகரில் இன்னும் இருக்கின்றன. நள்ளிரவுக்குப் பின், தண்ணீர்ப் பந்தல்களைக் கடந்து, மோரும் பானகமும் வாங்கிக் குடித்து, தோளில் உறங்கும் பிள்ளையை மாற்றி மாற்றிச் சுமந்துகொண்டு அவர்கள் நடக்கையில், கூட்டரசுப் பிரதேசம் முடிந்து சிலாங்கூர் தொடங்கும் இடம் எது என்று அவர்களைக் கேட்டால் சொல்லத் தெரியாது. கிழக்கு வெளுக்கும் வேளையில் சுண்ணாம்புக் குன்று கண்ணில் பட்டதும், யாரோ ஒருவர் முன்னாலிருந்து அரோகரா என்று குரல் கொடுப்பார். பின்னால் வருவோர் அதை வாங்கிக்கொள்வார்கள்.